சிம்ப்சன்ஸ்: எங்கே தொடங்குவது, எதைத் தாண்டிப் போவது

ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் வாழும் அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லிசா, மேகி ஆகியோரின் கதையைச் சொல்லும் கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர் 'தி சிம்ப்சன்ஸ்'. 1989 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் 37ஆவது சீசன் வந்தது. 40ஆவது சீசன் வரை ஒப்பந்தமும் ஆகிவிட்டது. ஏறத்தாழ 800 எபிசோடுகள் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இரண்டு வழிகளில் வழுக்குகிறார்கள். சிலர் முதல் சீசனின் முதல் எபிசோடில் ஆரம்பித்து, படம் கோணல்மாணலாக இருக்கிறதே, கதையும் மெதுவாகப் போகிறதே என்று நாலாவது எபிசோடில் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் ஏதோ ஒரு புது எபிசோடைத் திறந்து, இதற்குப்போயா உலகமே கொண்டாடுகிறது என்று கேட்கிறார்கள். இரண்டு பேரும் தப்பான வாசல் வழியாக நுழைந்தவர்கள்.

இது உண்மையில் ஒரே பெயருக்குள் இருக்கும் நாலைந்து தொடர்கள். எழுத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் மாற மாற, நகைச்சுவையின் வேகம், ஹோமரின் குணம், கதையின் நம்பகத்தன்மை எல்லாமே மாறியிருக்கின்றன. இதன் உயிர் ஒரு கடன்பட்ட, சண்டை போடுகிற, ஆனால் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காத குடும்பத்தில் இருக்கிறது. அந்த உயிர் வலுவாக இருக்கும் இடத்தில் தொடங்கினால் மற்றதெல்லாம் தானாகப் பழகிவிடும்.

பார்க்க உட்காரும் முன்

2019இல் ஃபாக்ஸின் பெரும்பகுதியை டிஸ்னி வாங்கியதிலிருந்து தொடர் டிஸ்னியின் செயலிகளில் இருக்கிறது. எபிசோடைத் தேடும்போது எண்ணை நம்பாதீர்கள், பெயரைக் கொண்டு தேடுங்கள். காரணம் இருக்கிறது: 3ஆவது சீசனின் முதல் எபிசோடான 'ஸ்டார்க் ரேவிங் டாட்' 2019 மார்ச்சில் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. அதில் மைக்கேல் ஜாக்சன் வேறு பெயரில் குரல் கொடுத்திருந்தார். அது டிஸ்னி பிளஸில் இல்லை. பழைய டிவிடி தொகுப்பில் மட்டும் கிடைக்கும்.

அடுத்தது திரையின் அகலம். 20ஆவது சீசனின் நடுவில், 2009 பிப்ரவரியில்தான் தொடர் அகலத்திரைக்கு மாறியது. அதற்கு முந்தியவை எல்லாம் பழைய டிவிக்காக 4:3 அளவில் வரையப்பட்டவை. டிஸ்னி பிளஸ் 2019 நவம்பரில் தொடங்கியபோது அவற்றை மேலும் கீழும் வெட்டி அகலமாக்கிக் காட்டியது. ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு 2020 மே மாதம் பழைய அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. தொடரின் பக்கத்தில் விவரங்கள் பகுதிக்குள் போனால், படத்தின் அகலத்தை மாற்றும் பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். படத்தின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தலைமுடியும் கால்களும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது குறைப்பட்ட படம். இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 4ஆவது சீசனின் 'டஃப்லெஸ்' எபிசோடில் ஹோமர் பீர் ஆலைக்குப் போகிறான். அங்கே மூன்று வேறு வேறு பெயர்களில் மூன்று பீர் தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் பீர் வருகிறது. படத்தின் மேல்பகுதியை வெட்டினால் குழாய் போய்விடுகிறது, குழாயோடு நகைச்சுவையும் போய்விடுகிறது.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இது தேவைப்படும். பலர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், கும்பலிலிருந்து யாரோ ஒருவர் முணுமுணுப்பதுதான் அந்தக் காட்சியின் உச்சமாக இருக்கும். இன்னொன்று, இந்தத் தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. அந்தக் காலத்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் (சிட்காம்) ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு கூட்டம் சிரிக்கும், நமக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். இங்கே நகைச்சுவை நமக்காகக் காத்திருக்காது. ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடைப்பெயர்ப் பலகை, தேவாலய அறிவிப்புப் பலகை, செய்தித்தாள் தலைப்பு வரும்போது நிறுத்திப் படியுங்கள். சப்டைட்டிலில் அவை வராது. வேறு வேலை செய்துகொண்டே பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சப்பென்று தோன்றுவதற்கு இதுவே பெரிய காரணம்.

தொடக்கப் பாடலைத் தள்ளிவிட வேண்டாம். பார்ட் கரும்பலகையில் எழுதும் வரியும், குடும்பம் சோஃபாவுக்கு ஓடிவந்து உட்காரும் விதமும் எபிசோடுக்கு எபிசோடு மாறும். எபிசோடின் நீளம் குறைந்துபோனால் சோஃபா காட்சியை நீட்டிச் சரிக்கட்டுவதும் உண்டு.

முதலில் இந்த ஐந்து

ஒரு எபிசோடு 22, 23 நிமிடம். ஐந்தையும் இரண்டு மூன்று நாளில் பார்த்துவிடலாம். வரிசையை மாற்றாதீர்கள்.

'பார்ட் கெட்ஸ் ஆன் எஃப்', 2ஆவது சீசனின் முதல் எபிசோடு, 1990 அக்டோபர். பார்ட் நாலாம் வகுப்பில் தோற்றுவிடுவான் போலிருக்கிறது. குறும்புக்காரன் என்று பெயரெடுத்த பையன் உண்மையாகவே உட்கார்ந்து படிக்கிறான். படித்தும் 59 மதிப்பெண்தான் வருகிறது. தேர்வு பயம் தெரிந்த யாருக்கும் அமெரிக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இந்தக் கதை புரியும். முதலில் இதை வைத்ததற்குக் காரணம் அதுதான்.

'லிசாஸ் சப்ஸ்டிட்யூட்', அதே சீசன், 19ஆவது. எட்டு வயது லிசாவுக்கு முதன்முறையாகத் தன்னைப் புரிந்துகொள்ளும் ஆசிரியர் கிடைக்கிறார், அவர் போயும்விடுகிறார். ஆசிரியருக்குக் குரல் கொடுத்தவர் டஸ்டின் ஹாஃப்மன். பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் வேறாக இருக்கும். மகளின் அறிவுக்கு ஈடுகொடுக்க முடியாத ஹோமர், கடைசியில் அவளைத் தேற்றும் காட்சியை நன்றாகக் கவனியுங்கள். அவனுக்குச் சரியான வார்த்தை எதுவும் வருவதில்லை. ஆனாலும் தேற்றிவிடுகிறான். ஹோமர் யார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இந்தத் தொடரில் இல்லை.

'லாஸ்ட் எக்ஸிட் டு ஸ்பிரிங்ஃபீல்ட்', 4ஆவது சீசன், 17ஆவது. அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ், தொழிலாளர்களின் பல் சிகிச்சைத் திட்டத்தைப் பறிக்கப் பார்க்கிறார். அதற்கு ஈடாகக் கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு பீப்பாய் பீர். லிசாவுக்கு அப்போதுதான் பல்லுக்குக் கம்பி போட வேண்டியிருக்கிறது. ஹோமர் தொழிற்சங்கத் தலைவனாகிறான். ஒரு காட்சிகூட வீண் இல்லாத எபிசோடு இது. தொடரிலேயே சிறந்தது எது என்ற பேச்சு வந்தால் முதல் வரிசையில் எப்போதும் இருக்கும்.

'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரயில்', அதே சீசன், 12ஆவது, 1993 ஜனவரி. எழுதியவர் கோனன் ஓ'பிரையன். பின்னாளில் இரவு நேர உரையாடல் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற அதே மனிதர்தான். ஊருக்கு எதிர்பாராமல் வந்த பணத்தை ஒரு வாய்வீச்சுக்காரன் மோனோரயில் என்ற பெயரில் சுருட்டுகிறான். நகைச்சுவை இங்கே இன்னும் கிறுக்குத்தனமாகப் போவதைக் கவனிக்கலாம். முதல் இரண்டு எபிசோடுகளையும் பார்த்திருந்தால்தான் இந்த வேகம் பிடிபடும்.

ஐந்தாவது 'அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ', 6ஆவது சீசன், 13ஆவது. குழந்தை மேகியின் படம் ஏன் வீட்டு ஆல்பத்தில் ஒன்றுகூட இல்லை என்று பிள்ளைகள் கேட்க, ஹோமர் பழைய கதையைச் சொல்கிறான். கடைசிக் காட்சியை இங்கே சொல்லமாட்டோம். யாரும் அதை முன்கூட்டிச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்திலும் மனசு ஒட்டவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை. இன்னும் 50 எபிசோடு பார்த்தால் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆரம்பத்திலேயே தொடக்கூடாத சில நல்ல எபிசோடுகளும் உண்டு. 8ஆவது சீசனின் 'ஹோமர்ஸ் எனிமி' அதில் முதலாவது. உழைத்து முன்னேறிய ஃபிராங்க் கிரைம்ஸ் என்பவன் ஹோமரோடு வேலைக்குச் சேர்ந்து, இப்படி ஒருவன் எப்படி இவ்வளவு சுகமாக வாழ்கிறான் என்று பொருமுகிறான். ஹோமரோடு நூறு எபிசோடு பழகியவருக்குத்தான் அது உறைக்கும். புதியவருக்கு வெறும் கொடுமையாகத் தெரியும். 7ஆவது சீசனின் '22 ஷார்ட் ஃபிலிம்ஸ் அபௌட் ஸ்பிரிங்ஃபீல்ட்' எபிசோடும் அப்படித்தான். ஊரிலுள்ள துணைப் பாத்திரங்களை எல்லாம் தெரிந்த பிறகு பார்க்க வேண்டியது. அதில் பள்ளி முதல்வர் ஸ்கின்னர் மேலதிகாரிக்கு விருந்து வைக்கும் துண்டு இணையத்தில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். ஆனால் தனித்துண்டாகப் பார்த்தால் பாதி ருசிதான்.

கதை நடுவில் தடம் மாறும்போது

புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: கதை எதைப் பற்றியோ ஆரம்பித்து வேறு எங்கோ போகிறதே, ஏன்? இது தெரிந்தே செய்கிற கட்டமைப்பு. முதல் ஐந்தாறு நிமிடம் ஒரு தூண்டில். மோனோரயில் எபிசோடு, பர்ன்ஸ் அணுக்கழிவைப் பூங்காவில் திருட்டுத்தனமாகக் கொட்டுவதில் தொடங்குகிறது. மாட்டிக்கொள்கிறார், 30 லட்சம் டாலர் அபராதம். அந்தப் பணத்தை என்ன செய்வது என்று ஊர்க்கூட்டம் கூடுகிறது. மோனோரயில் அங்கேதான் வருகிறது. நல்ல எபிசோடுகளில் முதல் பகுதி இரண்டாவதைப் பெற்றெடுக்கும். சுமாரானவற்றில் இரண்டும் ஒட்டாமல் கிடக்கும். இந்த ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டாலே எபிசோடு தேறுமா தேறாதா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

எபிசோடு முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஹோமர் விண்வெளிக்குப் போயிருப்பான், அடுத்த வாரம் யாரும் அதைப் பேசமாட்டார்கள். பார்ட்டுக்கு என்றும் 10 வயது, லிசாவுக்கு 8, மேகி கைக்குழந்தை. இதனால் கடந்த காலமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2ஆவது சீசனில் ஹோமரும் மார்ஜும் 1974இல் உயர்நிலைப் பள்ளியில் சந்திக்கிறார்கள். 2008இல் வந்த 'தட் நைன்ட்டீஸ் ஷோ' அவர்களின் இளமையை 1990களுக்கு மாற்றிவிட்டது. இதற்குக் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். எந்த எபிசோடில் என்ன சொல்கிறார்களோ அது அந்த 22 நிமிடத்துக்கு உண்மை.

விதிவிலக்காக நிலைத்துவிட்ட மாற்றங்கள் சில உண்டு. 7ஆவது சீசனில் லிசா இறைச்சியை விடுகிறாள். அந்த எபிசோடில் தோன்றிய பால் மெக்கார்ட்னி, லிசா மறுபடி இறைச்சிக்குத் திரும்பவே கூடாது என்று நிபந்தனை போட்டார். இன்றுவரை தொடர் அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறது. பக்கத்துவீட்டு நெட் ஃபிளாண்டர்ஸின் மனைவி மாட் 11ஆவது சீசனில் இறக்கிறாள், திரும்பி வருவதில்லை. லிசாவின் ஆசிரியத் தோழரான சாக்ஸஃபோன் கலைஞர் பிளீடிங் கம்ஸ் மர்ஃபியும் 6ஆவது சீசனோடு போய்விடுகிறார்.

பல சீசன்களில் நீண்டு, வரிசை முக்கியமாக இருக்கும் கதை ஒன்றே ஒன்றுதான்: பார்ட்டைக் கொல்லத் துடிக்கும் சைட்ஷோ பாப். 'க்ரஸ்டி கெட்ஸ் பஸ்டட்' (1ஆவது சீசன்), 'பிளாக் விடோயர்' (3), 'கேப் ஃபியர்' (5), 'சைட்ஷோ பாப் ராபர்ட்ஸ்' (6), 'சைட்ஷோ பாப்ஸ் லாஸ்ட் கிளீமிங்' (7), 'பிரதர் ஃப்ரம் அனதர் சீரீஸ்' (8) என்று பாருங்கள். 'கேப் ஃபியர்' எபிசோடில் பாப் தரையில் கிடக்கும் வாருகோல்களை ஒன்றன்பின் ஒன்றாக மிதித்து முகத்தில் அடிவாங்கும் காட்சி, எபிசோடு நேரத்துக்குக் குறைந்துபோனதால் இழுக்கப்பட்டது. ஒன்பது முறை. மூன்றாவது அடியில் சிரிப்பு வரும், ஐந்தாவதில் போதுமே என்றிருக்கும், ஒன்பதாவதில் மறுபடி சிரிப்பு தாங்காது. நகைச்சுவை எழுத விரும்புகிறவர்கள் பாடமாகவே பார்க்கலாம்.

இரண்டிலிருந்து எட்டு வரை

ஐந்து எபிசோடு பிடித்திருந்தால் அடுத்த படி நேரானது: 2ஆவது சீசனிலிருந்து 8ஆவது வரை வரிசையாகப் பாருங்கள். மொத்தம் 165 எபிசோடுகள், சுமார் 60 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் என்றால் மூன்று மாதத்துக்குள் முடியும். இரண்டுக்கு மேல் வேண்டாம். இவ்வளவு அடர்த்தியான நகைச்சுவையை அடுத்தடுத்து ஏழெட்டு எபிசோடு விழுங்கினால் மனம் மரத்துப்போய், நல்ல எபிசோடுகளும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

முதல் சீசனை ஏன் ஒதுக்க வேண்டும்? அதில் 13 எபிசோடுகள்தான். தொடர் தன்னைத் தேடிக்கொண்டிருந்த காலம். ஹோமரின் குரல் கனத்து, மந்தமாக இருக்கும். அவனுக்குக் குரல் கொடுக்கும் டான் காஸ்டெல்லனெட்டா அப்போது நடிகர் வால்டர் மாத்தோவின் சாயலில் பேசினார். அந்தக் குரலில் நீண்ட நேரம் பேசுவது கடினம் என்பதால் பிறகு மாற்றிக்கொண்டார். பர்ன்ஸின் உதவியாளர் ஸ்மிதர்ஸ் ஒரு எபிசோடில் வண்ணம் பூசியதில் நேர்ந்த பிழையால் கறுப்பினத்தவராகத் தெரிகிறார். 'சம் என்சான்டட் ஈவ்னிங்' முதலில் ஒளிபரப்பாக வேண்டியது. கொரியாவிலிருந்து வந்த அனிமேஷன் மோசமாக இருந்ததால் பெரும்பகுதியைத் திருத்தி வரைந்து, சீசனின் கடைசி எபிசோடாக 1990 மேயில் வெளியிட்டார்கள். அதனால்தான் தொடர் ஒரு கிறிஸ்துமஸ் கதையோடு தொடங்குகிறது. 8ஆவது சீசனை முடித்த பிறகு திரும்பிவந்து பார்த்தால் இந்தக் குறைகளே சுவையாக இருக்கும். அதற்கு முன்பே ஒன்று பார்க்க விரும்பினால் 'மோனிங் லிசா'. காரணமே தெரியாமல் வருந்தும் ஒரு சிறுமியின் கதை. அந்த நாளில் ஒரு கார்ட்டூன் இதைத் தொட்டது பெரிய விஷயம்.

2ஆவது சீசனில், தொடரை உருவாக்கிய மேட் கிரோனிங், ஜேம்ஸ் எல். புரூக்ஸ், சாம் சைமன் மூவரின் கை தெரியும். பணத்தட்டுப்பாடு, கணவன் மனைவி மனத்தாங்கல், பள்ளிக்கூடத்து அவமானம் என்று எல்லாம் தரையில் கால் ஊன்றி நிற்கும். 3, 4ஆவது சீசன்களில் ஆல் ஜீன், மைக் ரீஸ் இருவரும் பொறுப்பேற்றதும் வேகம் கூடுகிறது. 'லிசாஸ் போனி', 'ஹோமர் தி ஹெரெடிக்', 'லிசாஸ் ஃபர்ஸ்ட் வேர்ட்' எல்லாம் இந்தக் காலத்தவை. 4ஆவது சீசனில் எங்கு கைவைத்தாலும் ஏமாற்றம் இல்லை.

5, 6ஆவது சீசன்கள் டேவிட் மிர்க்கினுடையவை. தர்க்கத்தை விட்டுச் சிறகடிக்கும் நகைச்சுவை. ஹோமர் விண்வெளிக்குப் போகும் 'டீப் ஸ்பேஸ் ஹோமர்' இங்கேதான். பார்ப்பவர்களில் சிலருக்கு இந்த இடத்தில் ஹோமர் அளவுக்கு மீறி முட்டாளாகிவிட்டான் என்று தோன்றும். அதற்கு ஒரு சாவி உண்டு. தொடருக்கு 59 எபிசோடுகள் எழுதிய ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர், 2021இல் தந்த அபூர்வமான ஒரு பேட்டியில், ஹோமரைப் பேசத்தெரிந்த ஒரு பெரிய நாயாக நினைத்தே எழுதியதாகச் சொன்னார். ஒரு நிமிடம் உலகிலேயே துக்கமானவன், அடுத்த நிமிடம் ஏதோ தின்பண்டத்தைப் பார்த்ததும் உலகிலேயே மகிழ்ச்சியானவன். அப்படிப் பார்த்தால் அவன் செய்வதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது விளங்கும்.

7, 8ஆவது சீசன்களில் பில் ஓக்லியும் ஜாஷ் வைன்ஸ்டீனும் கதையைத் திரும்பவும் குடும்பத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொடர் எட்டிய உச்சம் 4ஆவது சீசன் என்று பலர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மனத்தில் நீண்ட நாள் தங்குவது 7ஆவதுதான் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. 'மதர் சிம்ப்சன்' எபிசோடின் இறுதியில் ஹோமர் காரின் மேல் உட்கார்ந்திருக்கிறான், மேலே வானம் முழுக்க நட்சத்திரம். பெயர்ப்பட்டியல் ஓடிமுடியும் வரை அவன் அசைவதில்லை. அதைத் தள்ளிவிட்டு அடுத்த எபிசோடுக்குத் தாவும்படி செயலி பொத்தான் காட்டும். தொடாதீர்கள். 'பார்ட் செல்ஸ் ஹிஸ் சோல்', 'லிசா தி ஐகனோகிளாஸ்ட்' இரண்டும் இதே சீசன். 8ஆவதில் 'யூ ஒன்லி மூவ் ட்வைஸ்': உலகிலேயே அன்பான முதலாளி, அவர் செய்யும் தொழில் உலகை மிரட்டுவது.

6ஆவது சீசனின் கடைசியும் 7ஆவதின் முதலும் சேர்ந்து 'ஹூ ஷாட் மிஸ்டர் பர்ன்ஸ்?' என்ற ஒரே கதை. 1995 மே முதல் செப்டம்பர் வரை அமெரிக்காவே விடையைத் தேடியது. நீங்களும் முதல் பாகம் பார்த்துவிட்டு ஒரு நாள் விட்டு இரண்டாவதைப் பாருங்கள். தடயங்கள் எல்லாம் நேர்மையாகத் திரையிலேயே இருக்கின்றன.

போகும் வழியில் தாண்ட வேண்டியவை பழைய காட்சிகளை ஒட்டிச் செய்த தொகுப்பு எபிசோடுகள்: 4ஆவது சீசனின் 'சோ இட்ஸ் கம் டு திஸ்', 6ஆவதின் 'அனதர் சிம்ப்சன்ஸ் கிளிப் ஷோ', பின்னால் வரும் 'ஆல் சிங்கிங் ஆல் டான்சிங்', 'கம்ப் ரோஸ்ட்'. செலவைக் குறைக்கச் செய்யப்படும் சரக்கு. 7ஆவது சீசனின் '138ஆவது எபிசோடு சிறப்பு நிகழ்ச்சி' மட்டும் விலக்கு. அதில் வெளிவராத காட்சிகள் உண்டு, தொகுத்து வழங்குவது டிராய் மெக்லூர் பாத்திரம். அதற்குக் குரல் கொடுத்த ஃபில் ஹார்ட்மன் 1998 மே மாதம் கொல்லப்பட்டார். அவருக்குப் பிறகு டிராய் மெக்லூரையும் வக்கீல் லயனல் ஹட்ஸையும் வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள். தொடர் செய்த மிகச் சரியான முடிவுகளில் அது ஒன்று.

ஒரு வசனம் எந்தப் படத்தைக் கிண்டல் செய்கிறது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அது தெரியாமலும் காட்சி நிற்க வேண்டும், நல்ல எபிசோடில் நிற்கும். எல்லாவற்றையும் தேடிப் படித்துக்கொண்டே பார்த்தால் சிரிக்க நேரம் இருக்காது.

எட்டாவது சீசனுக்குப் பிறகு

இங்கேதான் ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். 1997 செப்டம்பரில் வந்த 'தி பிரின்சிபல் அண்ட் தி பாப்பர்', முதல்வர் ஸ்கின்னர் உண்மையான ஸ்கின்னரே இல்லை, வேறொருவரின் பெயரில் வாழும் ஆர்மின் டாம்சேரியன் என்று அறிவித்தது. பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் நியாயமானது. எட்டு வருடம் ஒரு மனிதனோடு பழகவைத்துவிட்டு, அதெல்லாம் பொய் என்று ஒரு வேடிக்கைக்காகச் சொல்வது பார்த்தவர்களின் பாசத்தை மதிக்காத செயல்.

9 முதல் 12ஆவது சீசன் வரை பொறுப்பில் இருந்தவர் மைக் ஸ்கல்லி. இக்காலத்தில் ஹோமர் அறியாமல் தவறு செய்கிறவனாக இல்லாமல், பிறர் வலியைப் பற்றிக் கவலையே படாதவனாக மாறுகிறான். மார்ஜ் அவனை மன்னிக்கிறாள், ஆனால் ஏன் மன்னிக்கிறாள் என்பது நமக்கு விளங்குவதில்லை. சரிவு என்று சொல்லப்படுவதன் வேர் இதுதான். வேடிக்கை குறைந்தது அடுத்த சங்கதி. இதற்காக நான்கு சீசனையும் மொத்தமாகத் தள்ளிவிட வேண்டாம். 9இல் 'தி சிட்டி ஆஃப் நியூயார்க் வெர்சஸ் ஹோமர் சிம்ப்சன்', 'லிசாஸ் சாக்ஸ்', 11இல் 'பிஹைண்ட் தி லாஃப்டர்', 12இல் 'HOMR' என்று எழுதி 'ஹோமர்' என்று ஒலிக்கும் மூளை அறுவைக் கதை, 'டிரிலஜி ஆஃப் எரர்' ஆகியவை முதல் தரம். கடைசியாகச் சொன்னது ஒரே நாளை மூன்று பேரின் கண்ணால் சொல்கிறது. திரைக்கதை எழுதுகிறவர்கள் காகிதம் எடுத்துவைத்துப் பார்க்க வேண்டியது.

13ஆவது சீசனிலிருந்து வரிசையாகப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். பொறுக்கிப் பாருங்கள். 14ஆவது சீசனில் கையால் வண்ணம் பூசிய படலங்கள் போய்க் கணினி வண்ணம் வந்துவிட்டதால் திரையின் தோற்றமும் வழவழப்பாகிவிடும். 'இட்டர்னல் மூன்ஷைன் ஆஃப் தி சிம்ப்சன் மைண்ட்' (2007), தொடரே முடிந்துவிடக்கூடும் என்ற நிலையில் எழுதப்பட்ட 'ஹாலிடேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (2011), 'பிரிக் லைக் மீ' (2014), பார்ட் வளர்வதைக் காட்டும் 'பார்ட்ஹுட்' (2015) இந்த நாலும் கட்டாயம். 2012இல் வந்த 'லிசா கோஸ் காகா' போல, பிரபலத்தை அழைத்துவந்து புகழ்பாடுவதையே கதையாக்கியவை பக்கம் போக வேண்டாம்.

2021இல் தொடங்கிய 33ஆவது சீசனிலிருந்து எழுத்துப் பொறுப்பில் மேட் செல்மனின் கை ஓங்கியிருக்கிறது. தொடர் மீண்டும் துணிச்சலாக எழுதப்படுகிறது, இதைத் தயங்காமல் சொல்லலாம். ஹோமரும் மார்ஜும் பனிக்காட்டில் ஒன்றுமில்லாமல் மாட்டிக்கொள்ளும் 'பிக்சலேட்டட் அண்ட் அஃப்ரெய்ட்' (2022), அந்தப் பழைய தம்பதியின் அன்பை முப்பது வருடம் கழித்தும் புதிதாகக் காட்டுகிறது. 2024 செப்டம்பரில் வந்த 'பார்ட்ஸ் பர்த்டே', தொடரின் கடைசி எபிசோடு போலவே நடித்துக்காட்டுகிறது. இதுவரை சொன்னதை எல்லாம் பார்த்துவிட்டு அதற்கு வாருங்கள். 2007இல் வந்த திரைப்படத்தை 8ஆவது சீசனுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்பு

இந்தியப் பின்னணி உள்ளவர்கள் பார்க்கும்போது இடறும் இடம் க்விக்-ஈ-மார்ட் கடைக்காரர் அப்பு நஹசபீமபெட்டிலான். குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா, வெள்ளையர். அந்த இழுவை உச்சரிப்பு அமெரிக்கப் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகளைக் கேலி செய்யும் கருவியானது. நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் இதைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2018 ஏப்ரலில் ஒரு எபிசோடில் லிசாவின் வாயால் தொடர் சொன்ன பதில், முன்பு யாருக்கும் தவறாகத் தெரியாதது இப்போது தவறு என்றால் என்ன செய்வது என்கிற தொனியில் இருந்தது. அது மெத்தனமான பதில், அதுவும் லிசாவிடமிருந்து வந்தது இன்னும் வருத்தம். 2020இல் அசாரியா அந்தப் பாத்திரத்திலிருந்து விலகினார். அதே ஆண்டு, வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர்கள் குரல் தரமாட்டார்கள் என்றும் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. உச்சரிப்பையே நகைச்சுவையாக்கும் எபிசோடுகள் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். அதேசமயம் 7ஆவது சீசனின் 'மச் அப்பு அபௌட் நத்திங்' வந்தேறிகள் மீது ஊர் காட்டும் வெறுப்பைத் தோலுரிக்கிறது. அதில் அப்பு ஊரிலேயே கண்ணியமான மனிதர். இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட முடியும்.

'அன்றே சொன்ன சிம்ப்சன்ஸ்'

எந்த உலகச் செய்தி வந்தாலும், சிம்ப்சன்ஸ் இதை முன்பே காட்டிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும். மூன்றைச் சரிபாருங்கள்: எபிசோடின் பெயர், வெளியான தேதி, அந்தக் காட்சி உண்மையில் அதில் இருக்கிறதா. 2000 மார்ச்சில் வந்த 'பார்ட் டு தி ஃபியூச்சர்' எபிசோடில், வருங்கால அதிபர் லிசா தனக்கு முன்னால் டிரம்ப் அதிபராக இருந்ததாகச் சொல்வது உண்மை. ஆனால் டிரம்ப் நகரும் படிக்கட்டில் இறங்கிவரும் அந்தப் பிரபலமான படம், நிஜச் சம்பவம் நடந்த அடுத்த மாதம், 2015 ஜூலையில் வெளியிட்ட சிறு காணொளியிலிருந்து எடுத்தது. 1993இன் 'மார்ஜ் இன் செயின்ஸ்' எபிசோடில் வருவது ஜப்பானின் ஒசாக்கா நகரத்திலிருந்து பரவும் ஒரு காய்ச்சல். செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் கொரோனா என்று எழுதியிருக்கும் படம் யாரோ திருத்தியது. இத்தனை வருடமாக அமெரிக்க அரசியலையும் தொழிலையும் கூர்ந்து கவனித்து எழுதினால், சில இடங்களில் நடப்பும் கதையும் ஒத்துப்போகத்தான் செய்யும்.

பிள்ளைகளோடு பார்ப்பதானால்

கார்ட்டூன்தானே என்று சின்னப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைக்க வேண்டாம். 2ஆவது சீசனிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் வரும் 'ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்' ஹாலோவீன் சிறப்பு எபிசோடுகளில் தலை வெட்டும் ரத்தமும் தாராளம். தொடருக்குள் பிள்ளைகள் பார்க்கும் 'இட்ச்சி அண்ட் ஸ்க்ராட்ச்சி' எலி-பூனைக் கார்ட்டூனும் வேண்டுமென்றே கொடூரமாக எழுதப்பட்டது. மோ என்பவரின் மதுக்கடை ஏறக்குறைய எல்லா எபிசோடிலும் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால், பெரியவர்கள் பக்கத்தில் இருந்து 2ஆவது சீசனிலிருந்து தொடங்கலாம். ஹாலோவீன் எபிசோடுகளைக் கொஞ்சம் பொறுத்துக் காட்டலாம். பெரியவர்களுக்கு அவற்றில் 5ஆவதுதான் முதல் சிபாரிசு. அது 6ஆவது சீசனில் இருக்கிறது. மூன்று குட்டிக்கதைகள், மூன்றுமே தேறியவை. இந்த எபிசோடுகளில் நடக்கும் எதுவும் மற்ற கதைகளைப் பாதிக்காது என்பதால், வரிசைக்குக் காத்திருக்காமல் எந்த நாளும் பார்க்கலாம்.